முட்டைகளோடு அடைவைத்த ஹார்ட் டிஸ்க்

வாடிக்கையாளர் ஒருவர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் நின்றால் சிரிக்காதீர்கள். சிரிப்பு அடங்கவில்லை என்றால் உள்ளே போய்ச் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். "இதையெல்லாம் இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அந்த மனிதர் வெட்கப்பட்டுப் போவார். வெட்கப்பட்டவர் உண்மையான கோளாறைச் சொல்ல மாட்டார். பிறகு நீங்கள் அரைநாள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த என் பழுதுபார்க்கும் கடையை இப்போது மூடிவிட்டேன். கண் மங்கிவிட்டது, முழங்கால் மடங்குவதில்லை, வாய் மட்டும் குறைவில்லாமல் வேலை செய்கிறது. கடை திறந்த புதிதில் உள்ளே வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "பாஸ் இல்லையா மிஸ்?" என்று கேட்பார்கள். "நான்தான் பாஸ். உக்காருங்க" என்பேன். பாதிப்பேர் உட்கார மாட்டார்கள். நான் எதையாவது உடைத்துவிடுவேனோ என்று நின்றுகொண்டே பார்ப்பார்கள்.

ஸ்க்ரூ கழற்றுவது, விண்டோஸ் போடுவது எல்லாம் நீங்கள் போனிலேயே பார்த்துக்கொள்கிறீர்கள். அதை நான் எழுதி என்ன ஆகப்போகிறது? பழைய மெஷினை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அவர்களைக் கஞ்சர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பியை மாற்றவே விடாத ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் என் வாடிக்கை. "இதுல எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. புதுசப் போட்டா என் வீட்டுக்குள்ளேயே நான் வழி கேட்டு நடக்கணும்" என்பார். ஸ்டூடியோக்காரர் ஒருவருடைய நல்ல ஸ்கேனர், புதிய சிஸ்டத்தோடு பேசவே பேசாது. ஓடுகிற சாமானைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. இவர்கள் சொல்வதில் என்ன பிழை? பேங்க் வேலையையும் இன்டர்நெட்டையும் அந்தப் பழைய சிஸ்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுவேன். அதற்கு மேல் அவரவர் இஷ்டம்.

கண்டியில் நான் தொழில் கற்ற கடை முதலாளி பொல்லாத கோபக்காரர். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்னைத் திட்டாவிட்டால் அவருக்குச் சோறு செமிக்காது. ஆனால் ஒரு பழக்கத்தை எனக்குள் ஊற வைத்துவிட்டார். எந்த மெஷின் வந்தாலும், "திறக்காத! இது நின்னதால வேற என்ன நின்னுருக்குன்னு முதல்ல கேளு" என்று கத்துவார். நின்றது ஒரு கம்ப்யூட்டர் மட்டும் என்று நாம் நினைப்போம். அதற்குப் பின்னால் ஒருத்தருடைய பரீட்சை நின்றிருக்கும், ஒருத்தருடைய கல்யாணப் பத்திரிகை நின்றிருக்கும். ஒருமுறை, நான் சொல்லப்போகும் இடத்தில், முட்டைக்குள் இருந்த குஞ்சுகள் நின்றுபோகப் பார்த்தன.

யட்டவத்தைக்குப் போகும் பாதையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் இடம் ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரரை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். அலுமாரி அளவுக்குப் பெரிய இன்கியூபேட்டர் பெட்டிகள் ஒரு மண்டபத்தில் வரிசையாக நிற்கும். உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள். பெட்டிகள் சூட்டைத் தாங்களே பிடித்துக்கொள்ளும். ஆனால் முட்டைகளை அவ்வப்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்க்க வேண்டும். தாய்க்கோழி மூக்கால் புரட்டுகிறதே, அந்த வேலை. புரட்டாமல் விட்டால் உள்ளே இருக்கும் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துவிடும். புரட்டச் சொல்லும் கட்டளை எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து போனது.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிகளோடு சேர்ந்து வெளிநாட்டிலிருந்து வந்தது. விற்ற கம்பனி இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டது. பெட்டிகளோடு பேசும் கார்டைச் செருகப் புதிய கம்ப்யூட்டர்களில் இடமே கிடையாது. கம்ப்யூட்டரை மாற்றுவதென்றால் பெட்டிகளையும் மாற்ற வேண்டும், அதாவது தொழிலையே புதிதாக வாங்க வேண்டும். ஆகவே ஹாஜியார் பழையதையே வைத்திருந்ததை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மகன் ரியாஸ் "இது மியூசியத்துல வைக்க வேண்டிய சாமான் வாப்பா" என்று அரிப்பான். அப்போதெல்லாம் நான் ஹாஜியார் பக்கம்தான் பேசுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துவராது. அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பிரதி எடுத்து வைப்போம், அதே மாதிரிப் பழைய மெஷின் ஒன்று தேடி ஆயத்தமாக வைப்போம் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவேன். பிரதி எடுப்பதென்றால் மெஷினை நிறுத்த வேண்டும். ஹாஜியாருக்கு அந்தப் பேச்சே ஆகாது.

"ஓடுறத ஏன் மிஸ் தொடுற? அல்லாஹ்ட கிருபையில ஓடிட்டு இரிக்கி. அத அப்பிடியே உட்டுருங்க" என்பார்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் பிடிக்கும் வரைக்கும் யூபிஎஸ். வருஷக்கணக்காக அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவையும் நின்றதில்லை. அதை அவர் பெருமையாகச் சொல்வார். நான் பிரதிப் பேச்சை மறுபடி எடுப்பேன்.

ஆயுத பூசை அன்றைக்குத்தான் அது நின்றது. மதியத்தை நெருங்கும்போது ஹாஜியார் எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், கம்ப்யூட்டர் எழும்புதில்ல. கையோட வாங்க."

"என்னாச்சு ஹாஜியார்?"

"நிண்டுட்டு" என்றார். உடனே போனை வைத்துவிட்டார். எப்போதும் கலகலவென்று பேசும் மனிதர்.

கடையின் பின்பக்கம் பழைய உதிரிகளைக் குவித்து வைத்திருப்பேன். "போத்தல், பேப்பர் வாங்குற ஆளக் கூப்பிடட்டா மிஸ்?" என்று பக்கத்துக் கடைக்காரர் தினமும் கிண்டலடிப்பார். அந்தக் குவியலில் தேடி, அதே காலத்து ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரீவீலில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ரியாஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹாஜியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கறுப்புத் திரையில், டிஸ்க்கைக் காணவில்லை என்று ஒரே ஒரு வரி. கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், தலைமேல் செவ்வந்திப் பூ.

"பாருங்க மிஸ், சந்தனத்தக் கரைச்சு அப்பி வச்சிருக்கிறாங்க. உள்ளுக்குத் தண்ணி போயிருக்கும்" என்று ரியாஸ் பொரிந்தான். "நம்ம புஷ்பம் அக்காட வேலை. பூசை செய்றதுக்கு மெஷின நிப்பாட்டினாங்களாம். நிப்பாட்டினது நிண்டதுதான். நாளையில இருந்து வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டேன்."

புஷ்பம் அங்கே நெடுங்காலமாக வேலை செய்பவர். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து நடந்து வருவார். புருஷனுக்குக் கால் முடியாமல் போனபிறகு அந்த வீட்டில் அடுப்பெரிவது இவருடைய சம்பளத்தில்தான். முட்டை அடுக்குவது, பெட்டி துடைப்பது, குஞ்சு பிரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வருஷா வருஷம் ஆயுத பூசைக்குப் பெட்டிகளுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவார். ஹாஜியார் அந்த நேரம் முன்வாசல் பக்கம் போய் நின்றுகொள்வார். அது உங்கட விஷயம், செய்ங்க என்பார். அவர் அதைத் தடுத்ததும் இல்லை, அதில் கலந்துகொண்டதும் இல்லை. இத்தனை காலமும் மெஷின் ஓட ஓடத்தான் பூசை நடந்தது.

நான் கண்டி முதலாளியின் கேள்வியைக் கேட்டேன். "இது நின்னதால வேற என்ன நின்னுருக்கு ஹாஜியார்?"

"சூடு நிக்கல்ல. முட்டை திரும்புறதுதான் நிண்டுட்டு. இப்ப ரெண்டாவது தடவையும் திரும்பாமப் போயிட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். முட்டையை ஒருவரும் பார்க்கவில்லை.

"கையால திருப்ப ஏலாதா?"

ஹாஜியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அல்லாஹ்வே! லீவர் இரிக்கே!"

ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் ஓர் இரும்பு லீவர். பெட்டிகள் வந்த நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. துருப்பிடித்து, அதன்மேல் பெயின்டும் அடித்து, இறுகிப் போயிருந்தது. ரியாஸ் தனியாக இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால்தான் சரி. ஹாஜியாருக்கு இடுப்பு வலி. என் முழங்கால் அப்போதே முரண்டுபிடிக்கத் தொடங்கியிருந்தது.

நான் வெளியே போனேன். புஷ்பம் தண்ணீர்க் குழாயடியில் குந்தியிருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. படைத்த அவலும் கடலையும் தட்டோடு பக்கத்தில் இருந்தன. ஒருவரும் எடுத்துச் சாப்பிடவில்லை.

"எழும்பு புஷ்பம். லீவர் இழுக்க ஆள் வேணும்."

"நான் தொட மாட்டேங்க மிஸ். என் கை பட்டுத்தாங்க இப்பிடி ஆகிப்போச்சு. இன்னும் நான் போயித் தொட்டு, அந்தப் பெட்டியும் நின்னுருச்சுன்னா?"

"எதுக்கு இந்த வருசம் நிப்பாட்டுன?"

"எங்க தோட்டத்து பேக்டரியில இன்னைக்கு எல்லா மெஷினையும் நிப்பாட்டித்தாங்க பொட்டு வைப்பாங்க. ஒருநாளாவது அதுக்கும் ஓய்வு குடுக்கணும்ல. இது பாவம், வருசம் பூரா ராப்பகலா ஓடுது. முட்டை திரும்பி முடிஞ்ச கையோட நிப்பாட்டுனேங்க. அடுத்தவாட்டி திரும்புறதுக்குள்ள போட்ரலாம்னுதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஹாஜியார்கிட்ட கேட்டுட்டுத்தாங்க மிஸ் நிப்பாட்டுனேன்" என்றார்.

"கேட்டியா? அவரு என்னா சொன்னாரு?"

"போன் பேசிக்கிட்டிருந்தாருங்க. ஆ, செய்ங்க புள்ளன்னு சொன்னாரு."

"அத ஏன் ரியாஸ்கிட்ட சொல்லல?"

"பெரியவருங்க அவரு. மகனுக்கு முன்னால எப்பிடிங்க அவர மாட்டி வுடுறது? நான் ஏழை, என்னைச் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்."

எனக்கு நெஞ்சு எரிந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். உள்ளே போய் ஹாஜியாரை நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தது. ஆனால் முட்டை காத்திருக்கிறது. இரண்டு சண்டையை ஒரே நேரத்தில் பிடித்தால் இரண்டும் தோற்றுப்போகும்.

"இந்தா புஷ்பம், நீ பூசை செஞ்சியா இல்லையான்னு முட்டைக்குத் தெரியுமா? அதுக்குத் தேவை புரட்டுறதுக்கு ஒரு கை. எழும்பு" என்று அதட்டினேன். எழுந்து வந்தார்.

ரியாஸும் புஷ்பமும் ஒரே லீவரைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முதல் பெட்டி கிறீச்சென்று கத்திக்கொண்டு சாய்ந்தது. பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. பிறகு அடுத்த பெட்டி. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். முட்டைகள் ஒருமுறை சாய்ந்தபிறகுதான் நான் என் பையையே திறந்தேன்.

மெஷினைக் கழற்றும்போது ரியாஸ் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். உள்ளே தூசி மெத்தை போட்டுக் கிடந்தது. பல்லி முட்டை ஓடுகூட இருந்தது. ஈரம் ஒரு சொட்டு இல்லை. சந்தனம் வெளித்தகட்டிலேயே காய்ந்து நின்றது. அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.

டிஸ்க்கில் காதை வைத்துக்கொண்டு கரண்ட் கொடுக்கச் சொன்னேன். சின்னதாக ஒரு முனகல், பிறகு அமைதி. டிஸ்க்குக்குள் சுழல வேண்டிய தட்டு சுழலவில்லை, ஒட்டிக்கொண்டுவிட்டது. வருஷக்கணக்காகச் சூட்டிலேயே ஓடிய டிஸ்க் ஒருமுறை நின்று குளிர்ந்தால் சிலசமயம் இப்படிப் பிடித்துக்கொள்ளும். மனிதர்களும் அப்படித்தான், ஓய்வுபெற்றபிறகு என் முழங்கால் ஒரேயடியாக இறுகிப்போனதைப் பாருங்கள்.

குளிர்ந்து இறுகியதென்றால் சூடு காட்டினால் இளகலாம். இளகாமலும் போகலாம். அடுப்பில் வைக்க முடியாது, வெயிலும் இல்லை, வெளியே மழை கறுத்துக்கொண்டு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். இத்தனை பெரிய பெட்டிகளில் இதமான, ஏறாத இறங்காத சூடு அல்லவா இருக்கிறது!

டிஸ்க்கைத் துணியில் சுற்றி, ஈரம் படாதபடி பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டினேன். "புஷ்பம், ஒரு தட்டுல கொஞ்சம் இடம் பண்ணிக் குடு."

"என்னாங்க மிஸ், இதையும் அடை வைக்கப் போறீங்களா?" அழுத முகத்தில் ஒரு கணம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"ஆமா. குஞ்சு பொரிச்சா உனக்குத்தான்."

ஹாஜியாரும் சிரித்துவிட்டார். ரியாஸ் மட்டும் என்னை ஒரு பைத்தியக்காரியைப் போலப் பார்த்தான். இதை வாசித்துவிட்டு நாளைக்கே யாரும் ஹார்ட் டிஸ்க்கைக் கோழிக் கூட்டில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். வேறு வழி ஒன்றும் இல்லை, செத்தது செத்ததுதான் என்று தெரிந்தபிறகு செய்கிற வேலை இது.

மறுபடி லீவர் இழுக்க வேண்டிய நேரம் வந்தது. இழுத்தார்கள். இந்தமுறை ரியாஸ், "மெதுவாக்கா, கை நசுங்கும்" என்றான். அதற்குப் பிறகு டிஸ்க்கை எடுத்தேன். உள்ளங்கைக்கு இதமாகச் சுட்டது. தட்டையாகப் பிடித்து, மணிக்கட்டால் ஒரே ஒரு வெட்டுத் திருப்பு. கரண்ட் கொடுத்தேன். முனகியது, இழுத்தது, பிறகு மெல்லிய சத்தத்தோடு சுழலத் தொடங்கியது.

"ஓடிட்டு!" என்று ரியாஸ் கத்தினான். "மிஸ், டக்குனு பொருத்துங்க, ப்ரோகிராமப் போடுங்க. அடுத்த தடவை மெஷினே திருப்பட்டும்."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நம் தொழிலில் அதிகம்பேர் தடுக்கி விழுகிறார்கள். செத்தது எழும்பிவிட்டது. வாடிக்கையாளர் துள்ளுகிறார். நமக்கும் கெட்டிக்காரி என்று பெயர் வாங்க ஆசை. உடனே வேலையைத் தொடங்கிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் எழும்பியது எத்தனை நேரம் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

"போட மாட்டேன் ரியாஸ். முதல்ல பிரதி எடுக்கணும். அது வரைக்கும் இந்த டிஸ்க் வேற ஒரு வேலையும் செய்யக் கூடாது."

"பின்னேரமாகும் மிஸ்!"

"ஆகட்டும். முட்டைய நீங்க ரெண்டு பேரும் திருப்புங்க. கை இருக்குதானே?"

"பிரதி எடுக்கக்குள்ள செத்துப் போனா?"

"ப்ரோகிராம் ஓடக்குள்ள செத்தாலும் அதேதான். ஆனா அப்ப நம்ம கையில ஒண்ணுமே மிஞ்சாது."

அவன் வாப்பாவைப் பார்த்தான். ஓடுவதைத் தொடாதே என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர். தாடியை ஒருமுறை தடவிக்கொண்டார். "மிஸ் சொல்றபடி செய்ங்க" என்றார்.

நான் கொண்டுபோன டிஸ்க்கையும் பக்கத்தில் இணைத்தேன், பழையதிலிருந்து அதற்குள் பிரதி நகர்ந்தது. பாதி தாண்டியபிறகு ஓரிடத்தில் அப்படியே நின்றது. திரையில் அசைவில்லை. டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாமா என்று கை போனது. போன கையை மடியில் போட்டுக்கொண்டேன். நிறுத்தினால் மறுபடி எழும்பாது என்று மனம் சொன்னது. வெளியே மழை கொட்டியது. மண்டபத்துக்குள் லீவர் கிறீச்சிட்டது. முருகா, முருகா என்று நானும், வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு ஹாஜியாரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அது தானாகவே ஓர் இடறலைத் தாண்டி நகர்ந்தது.

முடிந்தபிறகு பழைய டிஸ்க்கை நிறுத்தினேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று மறுபடி கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். எழும்பவில்லை. அதற்குப் பிறகு ஒருபோதும் எழும்பவில்லை. என் குவியலிலிருந்து வந்த டிஸ்க்கை மெஷினுக்குள் பொருத்தினேன். பழைய திரை அப்படியே வந்தது. சற்று நேரத்தில் எல்லாப் பெட்டிகளும் யாரும் தொடாமல் தாங்களாகச் சாய்ந்தன. ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

பால் சேர்க்காத பிளேன்டி வந்தது. குடித்து முடிக்க முந்தியே ரியாஸ் கேட்டான்.

"இப்ப சொல்லுங்க மிஸ். சந்தனம் இல்லைதான், நானும் பார்த்தேன். ஆனா நிப்பாட்டினதாலதானே எழும்பாமப் போன?"

புஷ்பம் கதவோரம் நின்றிருந்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். புஷ்பத்தைக் காப்பாற்ற அது சுலபமான வழி. ஆனால் அது பொய். நாளைக்கு வேறு ஒருவன் வந்து உண்மையைச் சொன்னால் புஷ்பமும் போவார், என் பெயரும் போகும். ஆமாம் என்று மட்டும் சொல்லி வாயை மூடினால், அது பாதி உண்மை. பாதி உண்மையால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்துவிடும்.

"ஆமா ரியாஸ். நிப்பாட்டுனதாலதான் எழும்பல" என்றேன். புஷ்பம் தலையைக் குனிந்தார். "ஆனா அந்த டிஸ்க் எப்பவோ செத்துப் போச்சு. ஓடிக்கிட்டிருந்ததால யாருக்கும் தெரியல. இன்னைக்கு புஷ்பம் நிப்பாட்டல்லன்னா, இன்னொரு நாள் ஜெனரேட்டர் பிடிக்காம அதுவே நின்னுருக்கும். அது எந்த நேரமோ, யார் இருந்திருப்பாங்களோ. இது பட்டப்பகல்ல, எல்லாரும் பக்கத்துல இருக்கிறப்ப நின்னுச்சு. அதனாலதான் முட்டை தப்பிச்சுது. நிப்பாட்டுனா எழும்பாத மெஷின ஒருநாளும் நிப்பாட்டிப் பார்க்காம வச்சிருந்தோமே, தப்பு அங்கதான் இருக்கு."

அதோடு நிறுத்திக்கொண்டேன். அனுமதி கேட்ட கதையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஓர் இடம் விட்டேன்.

ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மகன், நிப்பாட்டச் சொன்னது நான்தான்."

"வாப்பா?"

"புள்ள வந்து கேட்டுட்டுத்தான் நிப்பாட்டின. நான் போன் கதைச்சிட்டு, செய்ங்கன்னு சொன்ன. நீ ஏசக்குள்ள நான் வாய மூடிட்டு நிண்ட. அது பெரிய பிழை." புஷ்பத்தின் பக்கம் திரும்பினார். "புள்ள, மனசுல வச்சுக்கொள்ள வேணாம். மிஸ் எத்தனை தரம் சொன்ன, பிரதி எடுப்போம்னு. நான்தான் தொட உடல்ல."

புஷ்பம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ரியாஸ் எழுந்தான். கோபத்தில் வெளியே போகிறானோ என்று பார்த்தேன். கதவருகே நின்று, யாரையும் பார்க்காமல், "அக்கா, நாளைக்கு வெள்ளன வாங்க. லீவருக்கெல்லாம் எண்ணெய் போடணும்" என்றான். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. ஆனால் புஷ்பத்துக்கு விளங்கிவிட்டது, "சரிங்க தம்பி" என்றார்.

அந்த முட்டைகள் நன்றாகவே பொரித்தன. தம்புள்ளைப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வழமைபோல வந்து குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று ஹாஜியார் போனில் சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. இவர்கள் கண் கெடுவதற்கு ஒரு நூல் முந்தி விழித்துக்கொண்டார்கள். கண்டியில் ஒரு பழைய கடையில் அதே வகை மெஷின் ஒன்று கிடைத்தது. அதைத் துடைத்து, பிரதி போட்டு, பக்கத்திலேயே வைத்தோம். ரியாஸ்தான் அந்த வேலையில் முன்னுக்கு நின்றான். இப்போது மியூசியம் என்ற பேச்சு அவன் வாயில் வருவதில்லை.

பழையதை வைத்திருக்கலாமா, மாற்றிவிடுவதா என்று வாடிக்கையாளர் கேட்டால் நீங்கள் வயதைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். அதை நிறுத்த உங்களுக்குப் பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். பயம் இல்லையென்றால் பழையது இன்னும் பல காலம் ஓடட்டும். பயமாக இருந்தால் அது புதிய மெஷினாக இருந்தாலும் ஆபத்துத்தான். தொடாமல் வைத்திருப்பதைப் பத்திரமாக வைத்திருப்பது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஹாஜியாரும் அப்படித்தான் எண்ணியிருந்தார், பாவம்.

அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது பெட்டிகளெல்லாம் பளபளவென்று துடைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருந்தது. லீவர்களுக்கும் பொட்டு! ஹாஜியார் வழமைபோல முன்வாசல் பக்கம் போய்விட்டார். கம்ப்யூட்டர் மட்டும் மொட்டையாக இருந்தது. அது ஓடிக்கொண்டிருந்தது. புஷ்பம் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஓர் எட்டுத் தள்ளி நின்றார்.

"அக்கா, இத நிப்பாட்டல்லையா?" என்றான் ரியாஸ்.

"வேணாங்க தம்பி. அது ஓடட்டும்."

"இல்ல, நிப்பாட்டுங்க. நீங்களே நிப்பாட்டுங்க. அதுவும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

புஷ்பம் அவனைப் பார்த்தார். முன்வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"மறுபடி எழும்பாட்டி, மிஸ்?"

"எழும்பாட்டிப் பரவாயில்ல புஷ்பம்" என்றேன்.

கிண்ணத்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை நீட்டி அவரே நிறுத்தினார்.